சாயோ வேண்டும், சாறு வேண்டாம்

காலையில் கடற்கரைச் சாலையில் நடப்பது எங்கள் இருவருக்கும் பல வருடப் பழக்கம். மனைவிக்கு முழங்கால் வலி வந்த பிறகு காந்தி சிலையோடு திரும்பிவிடுவோம். போன மாதம் ஒருநாள் அவள் திரும்பவில்லை. "இன்னும் கொஞ்சம் போலாங்க" என்று வடக்கே வைத்திக்குப்பம் பக்கம் நடந்தாள். அங்கே நெத்திலி காயப் போட்டிருந்தார்கள். அந்த நெடிக்கு நான் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். அவளோ நின்று, மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். "எங்க அம்மா சமையல்கட்டு மாதிரியே இருக்கு" என்றாள்.

அவள் பிறந்தது சைகோனில். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் ஊரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எத்தனையோ பேர் இந்தோசீனாவுக்கு வேலைக்குப் போனார்கள். போலீஸ், சுங்கம், பட்டாளம், கணக்கு என்று ஆளுக்கொரு வேலை. சிலர் அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார்கள். என் மாமனார் அப்படி ஒருவர். ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் கணக்கு எழுதினார். மாமியார் வியட்நாம் பெண்மணி. 1968-இல், அவர்களுடைய புத்தாண்டான டெட் பண்டிகையின்போது சண்டை சைகோன் நகருக்குள்ளேயே வந்துவிட்டது. அந்த வருடமே குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது இவளுக்குப் பதினைந்து வயது. 1974-இல் எங்களுக்குக் கல்யாணம்.

அன்று முதல் இன்று வரை என் மனைவியைப் பற்றி ஊரும் உறவும் சொல்லும் பாராட்டு ஒன்றுதான்: "சைகோன்லேர்ந்து வந்தவன்னு சொல்லவே முடியாது. நம்ம ஊர்ப் பொண்ணாவே ஆயிட்டா." ஐம்பது வருடமாக இதைக் கேட்டு நானும் பெருமையோடு தலையாட்டியிருக்கிறேன். இப்போது அந்தப் பாராட்டின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருத்தி தன் ஊரை எவ்வளவு மறைத்துக்கொண்டாள் என்பதற்கு நாம் கொடுக்கும் மார்க்கு அது என்று தோன்றுகிறது.

சாயோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி அப்பளம் போன்ற மெல்லிய தாளில் இறைச்சியும் இறாலும் சேமியாவும் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரிப்பது. கிறிஸ்துமஸ், கல்யாணம் என்றால் நம் ஊரில் பல வீடுகளில் சாயோ இல்லாமல் விருந்து இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் அம்மா தட்டு நிறையக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ஆனால் சாயோவைச் சைகோனில் எப்படிச் சாப்பிடுவார்கள்? கீரை இலையிலும் புதினாவிலும் சுற்றி, எலுமிச்சை, பூண்டு, மிளகாய், சர்க்கரை கலந்த நுவோக்-மாம் சாற்றில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். அந்தச் சாறு எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். நெடி தாங்கவில்லையாம். புட்டி கிணற்றடி மாடத்தில்தான் இருந்தது. அதைக் கொண்டுபோய் அங்கே வைத்தவன் நான்தான். நாங்கள் தக்காளி சாஸ் தொட்டுச் சாப்பிட்டோம். புட்டி தீர்ந்த பிறகு அவள் இன்னொன்று கேட்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நுவோக்-மாம் என்பது வேறு எதுவுமில்லை, நெத்திலியும் உப்பும்தான். பூ-குவோக் தீவிலும் ஃபான்-தியெட் ஊரிலும் பெரிய மரத்தொட்டிகளில் நெத்திலியை உப்போடு சேர்த்து அடைத்து, ஒரு வருடம் போல ஊற விட்டு, கீழே இறங்கும் சாற்றை வடித்து எடுக்கிறார்கள். நாம் வெயிலில் காய வைத்துக் கருவாடு ஆக்குகிறோம், அவர்கள் தொட்டியில் ஊற வைத்துச் சாறு ஆக்குகிறார்கள். மீன் ஒன்று, உப்பும் ஒன்று. கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் நாளில் எங்கள் தெருவே மணக்கும். அதை யாரும் நெடி என்று சொன்னதில்லை. ஆக, பிரச்சினை மூக்கில் இல்லை. நமக்குப் பிடித்ததை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அவளுக்குப் பிடித்ததைக் கிணற்றடியில் வைத்தோம்.

அம்மாவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அவர் அதிகம் படிக்காதவர். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பூகோள வகுப்பில் லுவார், சேன், ரோன், கரோன் என்று பிரான்சின் ஆறுகளை ஒப்பித்தவன். இன்றும் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். கல்யாணமான புதிதில் நானும் அவளும் பேசிக்கொண்டதுகூட பாதி பிரெஞ்சில்தான். அப்படிப்பட்டவன், அவள் ஊர் ஆற்றின் பெயரை அவளிடம் கேட்டதில்லை. நாங்கள் புத்தகத்தில் மேகோங் என்று படித்த ஆற்றுக்கு அவர்கள் தங்கள் நாட்டில் கூ-லோங் என்று பெயர் சொல்கிறார்கள். ஒன்பது டிராகன்கள் என்று பொருளாம். இதை அவள் எனக்குச் சொன்னது போன வருடம். நான் கேட்டது போன வருடம்தான் என்று எழுதுவதே சரி.

1975 ஏப்ரல் 30, புதன்கிழமை. சைகோன் விழுந்த நாள். சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவள் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தாய்மாமன்மார், சித்திமார் எல்லோரும் அந்த ஊரில்தான் இருந்தார்கள். நான் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே "காப்பி போடலையா?" என்று கேட்டேன். எழுந்து போய்ப் போட்டுக் கொடுத்தாள். வேறு எதுவும் நடக்கவில்லை. பிறகு அங்கிருந்து கடிதங்கள் வருவது நின்றது. அடுத்த வருடம் ஊரின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அந்தக் காப்பியை நான் மறந்தே போயிருந்தேன். வைத்திக்குப்பத்தில் அவள் நின்ற அன்றுதான் அது நினைவுக்கு வந்தது.

சிலர் கேட்பார்கள், ஐம்பது வருடம் இங்கே வாழ்ந்தவளுக்கு இப்போது எதற்குப் பழைய ஊர் ஞாபகம், கிளறிவிட்டு என்ன லாபம் என்று. அவளைக் கேட்டாலும் "எல்லாம் பழகிடுச்சு" என்றுதான் சொல்வாள். பழகுவது வேறு, மறப்பது வேறு. அவளோடு வியட்நாம் பாஷை பேசுவதற்கு அவள் அம்மா ஒருவர்தான் இருந்தார். அவர் 1991-இல் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்தப் பாஷையில் இவளிடம் ஒரு வார்த்தை பேச இந்த வீட்டில் ஆளில்லை. போன வாரம் ஒரு கீரையின் பெயர் ஞாபகம் வராமல் அரைமணி நேரம் தவித்தாள். நான் பத்து வார்த்தை கற்றுக்கொண்டிருந்தால் அந்தக் கீரையின் பெயர் அதில் ஒன்றாக இருந்திருக்கலாம்.

ஜூலை 14 வந்தால் நம் ஊரில் விளக்கேந்தி ஊர்வலம் போகிறோம். பிரான்சுக்காரர்களின் நாளுக்கு இங்கே இடம் இருக்கிறது. தை பிறந்தால் பொங்கல். அதையொட்டி ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ டெட் வரும். பச்சரிசியை விட ஒட்டும் அரிசியில் பாசிப்பருப்பும் பன்றி இறைச்சியும் வைத்து, வாழையிலையில் கட்டி, மணிக்கணக்கில் வேக வைப்பார்களாம். வெந்த வாழையிலை வாசம் வந்தால் புத்தாண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். நம் வீட்டில் இலை அடை வெந்தாலும் அதே வாசம்தான். இத்தனை வருடம் அவள் அடுப்படியில் நின்று என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

என் கருத்து இதுதான். வேற்றூரிலிருந்து ஒரு பெண் நம் வீட்டுக்கு வந்தால், அவள் நம் சமையலைக் கற்றுக்கொண்டாளா என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. அவள் ஊர் வாசனைக்கும் சமையலறைக்குள் ஒரு அலமாரி கொடுக்க வேண்டும். இன்று நம் பிள்ளைகள் எங்கெங்கோ பெண் எடுக்கிறார்கள். வங்காளத்து மருமகள் கடுகெண்ணெயைக் காய வைத்தால் முகம் சுளிக்காதீர்கள். பிடிக்காவிட்டால் சாப்பிட வேண்டாம். ஆனால் புட்டியைக் கிணற்றடிக்கு அனுப்பாதீர்கள். அது என்ன, எப்படிச் செய்வது, உங்கள் ஊரில் எதோடு சாப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு செலவில்லை.

நான் கடைகடையாக விசாரித்து, கடைசியில் பாரிஸிலிருந்து லீவில் வந்த உறவினர் மூலம் ஒரு புட்டி நுவோக்-மாம் வரவழைத்தேன். சமையலறையில் புளி ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். உடனே மூடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "நெடி அடிக்குமே, உங்களுக்குப் பரவாயில்லையா?"

ஐம்பது வருடத்துக்குப் பிறகும் தன் சொந்த வீட்டில் அனுமதி கேட்கிறாள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? "பரவாயில்லை, திற" என்றேன்.