தீவு காணச் செல்வோர் கடமை

வள்ளுவனார் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தாய்ச் செல்வோன் எங்ஙனம் ஒழுகவேண்டும் என்பதற்குத் தனி அதிகாரம் வகுத்தாரல்லர். புகுந்த வீட்டின் பொருளைச் சிதையாது மீளவேண்டும் என்பது சொல்லாமலே எவர்க்கும் விளங்கும் என்று அவர் கருதினார் போலும். ஆயினும், விடுமுறை வந்துற்றதும் கூட்டங்கூட்டமாய்த் தீவுகளை நாடிச் செல்லும் நம்மவரின் நடையைக் காணுங்கால், அவ்வொழுக்கத்தை வெளிப்படையாய் எடுத்துரைக்கவேண்டிய காலம் வந்துவிட்டதென்றே நாம் எண்ணுகின்றோம். நம் மாணவரிலும் பழைய மாணவரிலும் பலர் அந்தமான் சென்று மீண்டுள்ளனர். இன்னும் பலர் செல்லவிருக்கின்றனர். ஆதலின் அத்தீவுகளையே எடுத்துக்கொண்டு எமது கருத்தைக் கூற விழைகின்றோம்.

முதற்கண் ஒன்று சொல்லிவிடுதல் நலம். உல்லாசப் பிரயாணம் கூடாதென்பது எம் கொள்கையன்று. நூலறைக்குள் அடைபட்டுக் கிடந்த கண்களுக்குக் கடலும் கானமும் போல் மருந்தாவது வேறொன்றில்லை. சென்னையினின்று கிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் கடந்து, மூன்று நாட் கப்பற் பிரயாணத்தின் பின் அந்தமானின் பசிய கரையைக் காண்பவன் பெறும் இன்பத்தை விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் போயிறங்குவோன் முற்றும் அறியான். அந்தமான் நிக்கோபார்த் தொகுதியில் தீவுகளும் திட்டுகளுமாக ஐந்நூற்றுக்கு மேற்பட்டவை உள. அவற்றுள் மக்கள் வாழ்வன நாற்பதுக்கும் குறைவே. எஞ்சியவையெல்லாம் பறவைக்கும் ஆமைக்கும் முதலைக்கும் உரியன. அங்கே 732 மீட்டர் உயரமுள்ள சாடில் சிகரத்தில் ஏறலாம். சிடியா டாப்புக் காட்டில் வைகறையில் நின்று புள்ளினங்களின் ஒலி கேட்கலாம். கண்டற்காடுகளினூடே சிறுபடகு செலுத்தலாம். கண்ணாடி முகமூடி அணிந்து, மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு, நீரின்மேல் மிதந்தவாறே பவளப் பாறைகளின் விசித்திரங்களைக் காணலாம். இவையனைத்தும் இளைஞர் விரும்பத்தக்கனவே, விரும்புதலில் குற்றமில்லை.

குற்றம் எங்கே தொடங்குகின்றதென்பதை எம் அநுபவத்தைக்கொண்டே கூறுவோம். பல்லாண்டுகட்கு முன் அத்தீவுகளிலொன்றின் கரையில் இடுப்பளவு நீரில் நின்றபோது, மான்கொம்பு போற் கிளைத்திருந்த பவளமொன்று எம் கண்ணைக் கவர்ந்தது. ‘ஆயிரமிருக்க இஃதொன்றால் என்ன குறை’ என்றெண்ணி ஒரு கிளையை ஒடித்துக் கைக்குட்டையிற் பொதிந்து வந்தோம். விடுதி சேர்வதற்குள் அது துர்நாற்றம் வீசத் தொடங்கிற்று. மறுநாள் நிறம் மங்கிற்று. ஊர் வந்து சேர்ந்தபோது வெறும் சுண்ணாம்புக் கட்டியாயிற்று. அதனை மேசைமேல் வைத்தோம். எவரும் அதனை வியந்தாரல்லர். நாம் கொணர்ந்தது பவளத்தின் அழகையன்று, அதன் பிணத்தையே என்று பின்னரே உணர்ந்தோம்.

பவளம் கல்லுமன்று, செடியுமன்று. நுண்ணிய உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒருங்குகூடித் தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய மாளிகையே அது. அவ்வுயிர்களின் உடலுக்குள் கண்ணுக்குப் புலனாகா நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி சூரிய ஒளியால் உணவு சமைத்துப் பவளத்துக்கு ஊட்டுகின்றது. பவளம் பாசிக்கு உறைவிடம் நல்குகின்றது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அப்பாசியினுடையதே. திரண்ட பாறைபோல் வளரும் பவளவகை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். ஆகவே, ஒருவன் காலூன்றி நின்று உடைத்த ஒரு முழத் திரள் மீண்டும் அவ்வளவாதற்கு ஒரு மனிதனின் ஆயுளிற் பெரும்பகுதி வேண்டும். இதனைக் கருதியே 2001-ஆம் ஆண்டில் பாறை கட்டும் பவளங்கள் யாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருந்த காப்பே பவளத்துக்கும் வந்தது. புலியின் தோலைப் பெட்டியிலிட்டு வீடு திரும்ப நம் மாணவர் எவரும் துணியார். பவளத் துண்டைக் கொணர்தற்கோ நம்மைப் போன்றோர் கூசினோமல்லோம்.

ஈண்டுச் சிலர் ஒரு தடை நிகழ்த்தக்கூடும். ‘கடல்நீர் வெம்மையுற்றதனாலன்றோ பவளங்கள் மடிகின்றன? 1998-லும் 2010-லும் 2016-லும் அந்தமான் பவளங்கள் வெளுத்தமைக்கு நீராடச் சென்றோர் காரணமல்லரே! உலகமே கொதிக்கையில் ஒருவன் கால்பட்டதனால் வரும் கேடு யாது?’ என்பது அவர் வாதம். அதன் முற்பகுதி மெய்யே. நீர் வரம்புமீறி வெம்மையுறின் பவளவுயிர் தன்னுள் வாழும் பாசியை வெளியே தள்ளிவிடுகின்றது. நிறமும் உணவும் ஒருங்கே இழந்து வெளுத்து நிற்கின்றது. வெம்மை விரைவில் தணியுமாயின் பாசி மீண்டும் குடிபுகும். தணியாதாயின் பவளம் மாளும். ஆனால் இதனாலேயே அவ்வாதத்தின் பிற்பகுதி பொய்யாகின்றது. கடுஞ்சுரத்தினின்று எழுந்திருக்க முயலும் நோயாளியை, ‘எப்படியும் இவன் நலிந்தவன்தானே’ என்று மிதித்துச் செல்லுதல் நியாயமாமோ? நலிந்ததன்மேல் நம் பாரத்தையும் ஏற்றாதிருப்பதே அறிவுடைமை. உலகின் வெம்மையைத் தணித்தல் ஒரு மாணவனால் ஆகாது. தன் காலைப் பாறைமேல் ஊன்றாதிருத்தல் ஆகும். ஆகாததைக் காட்டி ஆவதைக் கைவிடுதல் சோம்பரின் தர்க்கமேயன்றி வேறன்று.

இனி, விதிகள் இன்பத்தைக் கெடுக்கும் என்போர்க்கு விடை கூறுவோம். வண்டூரில் 1983-ஆம் ஆண்டில் பதினைந்து தீவுகளை உள்ளடக்கி மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அதில் பிரயாணிகள் செல்லத்தக்கவை ஜாலிபாய், ரெட்ஸ்கின் என்னும் இரு தீவுகளே. அவையும் ஒருங்கே திறந்திரா; ஆண்டின் ஒரு பகுதியில் ஒன்று திறந்திருக்க, மற்றொன்று இளைப்பாறும். நெகிழிப் பைகளை அங்கே கொண்டுசெல்ல இடமில்லை. நம் உழவர் நிலத்தைத் தரிசாய் விட்டு ஆற்றும் முறையே இஃதன்றோ? பாய்ப்பரப்பென மக்கள் குவிந்த கரைகளையும் ஜாலிபாயின் தெளிந்த நீரையும் ஒப்பிட்டுக் கண்டோர், அவ்விதியினாலேயே அவ்வின்பம் நிலைத்திருக்கின்றதென்பதை மறுக்கமாட்டார்.

அயல்நாட்டார் இதனினும் ஒருபடி மேற்சென்றுள்ளனர். பசிபிக் சமுத்திரத்திலுள்ள பலாவு என்னும் சிறு தீவு நாடு 2017 முதல், வருவோர் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டிலும் ஓர் உறுதிமொழியைப் பொறித்து, தன் குழந்தைகளின் பொருட்டு அதிற் கையொப்பமிடச் செய்கின்றது. கலாபகஸ் தீவுகளில், தேர்ச்சிபெற்ற வழிகாட்டியின்றி வனப்பூங்காவின் பெரும்பாலான இடங்களுக்குள் எவரும் புகவொண்ணாது. எவ்விலங்கினின்றும் இரண்டு மீட்டருக்குக் குறையாது விலகி நிற்றல் வேண்டும். அங்கே சிறப்பென்னவெனில், விலங்குகள் மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. அவை அஞ்சாதிருக்க, மனிதன் ஒதுங்கி நிற்கின்றான். இதனினும் மேலான காட்சி எவ்வேட்டைக்காரனுக்கும் கிட்டியதில்லை.

வட அந்தமானில் திக்லிப்பூருக்கு அருகே காலிப்பூர் என்றொரு கடற்கரை உளது. பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என்னும் நால்வகை ஆமைகளும் முட்டையிடக் கரையேறும் இடம் அது. நள்ளிரவில் ஒரு தாய் ஆமை மணலில் ஊர்ந்து வந்து, பின்கால்களால் குழி அகழ்ந்து, நூறு முட்டைகள் அளவில் இட்டு, மணலால் மூடி, திரும்பி நோக்காது கடலுக்குள் மறைவதைக் கண்டோன் அதனை மறவான். ஆனால் கரையேறும்போது ஒருவன் விளக்கைக் காட்டினாலும் எதிரே சென்று நின்றாலும் அவ்வாமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். முட்டையினின்று வெளிப்படும் குஞ்சுகளோ ஒளியை நோக்கியே செல்லும் இயல்பின; கடலின் மெல்லொளியை விட்டுக் கரையிலுள்ள விளக்கை நாடிச் சென்று மாளும். அங்கே கைப்பேசியை அணைத்து, வனக்காவலர் சொற்கேட்டு, இருளில் வாய்மூடி அமர்ந்திருக்கக் கற்றவனே காணத்தக்கதைக் காண்பான். அவசரக்காரனுக்கு எஞ்சுவது வெறும் மணலே.

கேடு ஒருபுறமாகவே வருமென்றும் எண்ணற்க. 2010-ஆம் ஆண்டில் ஹாவ்லக் தீவில், அஃதாவது 2018 முதல் ஸ்வராஜ் தீவெனப் பெயர்பெற்ற இடத்தில், நீரில் மிதந்து பவளங் காணச் சென்ற அயல்நாட்டுப் பெண்மணி ஒருவர் முதலைவாய்ப்பட்டு உயிர்நீத்தார். உவர்நீர் முதலைகள் கண்டற்கழிகளில் நெடுங்காலமாய் வாழ்வன. புதிதாய் வந்தோர் நாமே. எச்சரிக்கைப் பலகையை வேடிக்கையென்று கருதும் இளைஞர் இதனை நினைவிற்கொள்வாராக.

‘தீவினர் பிரயாணிகளால் பிழைக்கின்றனரே, இத்துணை விதிகள் வகுத்தால் அவர் வயிறு என்னாம்?’ என்பார்க்கும் ஒரு சொல். அத்தீவுகளிற் பல்லாயிரவர் தமிழ் மக்கள். அவர்தம் பிழைப்பில் எமக்கும் அக்கறை உண்டு. ஆயினும் பவளம் மடிந்த கடலுக்கும் ஆமை வாராக் கரைக்கும் பணங்கொடுத்து வருவார் யார்? கன்றுக்கும் பால் விட்டுக் கறப்பவனே நெடுநாட் பால் உண்பான். படகோட்டி பாறைக்கு மிக அருகே படகைச் செலுத்துகின்றானெனின், பெரும்பாலும் அது பிரயாணியின் வற்புறுத்தலாலேயாம். ‘தொலைவில் நிறுத்துக, நாம் பொறுத்திருந்து காண்போம்’ என்று கூலி கொடுப்பவனே சொல்வானாயின், படகோட்டிக்கு நட்டம் யாதுமில்லை.

இவையெல்லாவற்றினும் முக்கியமான ஒன்றை இறுதியில் வைத்தோம். ஏனெனில் அது விலங்கைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துச் செல்கின்றது. அம்மக்கள் சில நூறு பேரே. 1956-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை அவர்தம் நிலத்தைக் காக்கின்றது, அக்காட்டின் வழியே செல்லும் சாலைப்பகுதியை மூடவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2002-ல் ஆணையிட்டது, சாலை மூடப்படவில்லை. 2012-ல், உணவின்பொருட்டு ஜாரவாப் பெண்கள் பிரயாணிகளின் முன் ஆடச் செய்யப்பட்ட காட்சி உலகெங்கும் பரவி நம் நாட்டைத் தலைகுனியச் செய்தது. படம் எடுத்தலும் உணவு கொடுத்தலும் தண்டனைக்குரியன. எனினும் பலர் சாளரத்தின்வழி எட்டிப்பார்த்துக்கொண்டே செல்கின்றனர். சுண்ணாம்புக் குகைகளைக் காணப் போகின்றோம் என்பது வாய்ச்சொல். வழியில் ஜாரவரைக் காணலாம் என்பது உள்ளக்கிடக்கை. மனிதனை மனிதன் விலங்குக்காட்சிச் சாலையிற் போல் காணப் போவதை எப்பெயரிட்டு அழைப்பது? 1858-ல் குடியேற்றம் நிலைபெற்றபோது ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பெரிய அந்தமானியர், நோயாலும் பிறவாற்றானும் அழிந்து சில பத்துப் பேராய்க் குறுகினர். ஜாரவரிடையிலும் 1999-ல் தட்டம்மை பரவிற்று. நம் இருமலும் அவர்க்கு ஆயுதமாகக்கூடும். ஆகவே, வடக்கே செல்லவேண்டியவர் கூடியவரை கடல்வழியே செல்லுக. வேடிக்கைக்காக அச்சாலையிற் செல்லாதொழிக. அதனால் ஒரு குகையைக் காணாது மீள நேரினும், நாம் இழந்தது கொஞ்சமே.

இனி நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். விலங்குநூற் சுற்றுலா செல்லும் மாணவர் சாடிகளை நிரப்பி மீளும் பழைய வழக்கம் ஒரு காலத்துக்கு ஏற்றதாயிருந்திருக்கலாம். இப்பொழுது அதற்கு இடமில்லை. சாடிக்குப் பதிலாக ஒரு குறிப்பேடு கொண்டு செல்லுக. கண்ட பறவை, நின்ற நேரம், நீரின் நிலை, பவளத்தின் நிறம் ஆகியவற்றை நாள்தோறும் எழுதுக. ஆண்டுதோறும் அவை நூலறையில் சேருமாயின், பத்தாண்டுகளில் எக்கண்காட்சிப் பேழையினும் பயனுள்ள செல்வமாகும். எமது சுண்ணாம்புக் கட்டியை ஆய்வுகூடத்துக்கு முன்னரே கொடுத்துவிட்டோம். செல்லுமுன் ஒருமுறை அதனைக் கையிலெடுத்துப் பார்த்துச் செல்லுமாறு மாணவ நண்பர்களை வேண்டுகின்றோம்.

அந்தமானுக்குக் கிழக்கே நார்க்கொண்டம் என்றொரு தீவு, ஏறத்தாழ ஏழு சதுரக் கிலோமீட்டர் பரப்பளவில், கடல் நடுவே தனித்து நிற்கின்றது. அங்கே வாழும் இருவாய்ச்சிப் பறவையினம் உலகில் வேறெங்குமில்லை. நாம் அதனைக் கண்டதில்லை, இனிக் காணப்போவதுமில்லை. ஆயினும் அப்பறவை அங்கே தன் கூட்டில் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கின்றது என்னும் நினைவு எமக்கு இன்பந்தருகின்றது. காண்பதில் ஓர் இன்பம்; காணாது விட்டுவைப்பதில் மற்றோர் இன்பம். இரண்டாவதையும் அறிந்தவனையே தீவுகள் நல்விருந்தெனக் கொள்ளும்.