ரெண்டு ஷாக் வேண்டாம், ஒண்ணு போதும்

டிஸ்கி: நான் மெக்கானிக் அல்ல, பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவன். ஆனால் இந்த விஷயத்தில் சொந்தக் காசு 13,500 ரூபாயைக் கோட்டை விட்டவன் என்கிற தகுதி எனக்கு உண்டு.

போன வாரம் கேண்டீனில் முதலாமாண்டுப் பையன் ஒருத்தன் செல்போனை நீட்டினான். "இந்த மவுண்டன் பைக் எப்படிங்ணா? முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் ஷாக், டிஸ்க் பிரேக், 21 கியர். பதினாலாயிரம்தான்." பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் வாங்கியதும் இதே ஜாதி வண்டிதான். டீ ஆறுகிற வரைக்கும் அவனிடம் புலம்பியதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன். வேறு யாராவது தப்பித்தால் சரி.

எங்கள் ஊர்ப்பக்கம், அதாவது கோவைக்குத் தெற்கே மதுக்கரை, நவக்கரை வட்டாரத்தில், ஓட்டுவதற்குத் தடத்துக்குப் பஞ்சமே இல்லை. தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே வேலியோடு போகிற இட்டேரி, செம்மண் வண்டித்தடம், மழை அரித்துப் போட்ட ஓடைக்கரை. (மலையடிவாரத்தைத் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் வண்டியை விடுகிற ஆசை வேண்டாம். அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். தவிர, யானை யாரையும் வாய்தா கொடுத்து விசாரிக்காது.) இந்த மாதிரிப் பாதையில் புதிதாக ஓட்டுகிறவனுக்கு என் சிபாரிசு ஹார்டுடெயில். முன் ஃபோர்க்கில் மட்டும் ஷாக், பின்பக்கம் ஒன்றுமே இல்லாத முரட்டு ஃபிரேம்.

"பின்னாடியும் ஷாக் இருந்தா இன்னும் சொகுசுதானே?" நியாயமான கேள்வி. நானும் அப்படி நினைத்துத்தான் ஏமாந்தேன். ஷாக் என்றால் அதில் இரண்டு வேலை இருக்கிறது. அமுங்கிக் கொடுப்பது ஸ்பிரிங்கின் வேலை. அமுங்கியது துள்ளிக் குதிக்காமல் நிதானமாகத் திரும்பும்படி பார்த்துக்கொள்வது டேம்பரின் வேலை. என் வண்டியின் பின்னால் இருந்தது வெறும் ஸ்பிரிங். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் வண்டி முன்னே போவதை விட்டுவிட்டு மேலும் கீழும் ஆடும், பொய்க்கால் குதிரை மாதிரி. மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு அந்த ஸ்பிரிங்குக்கே மொய். ஃபிரேம் மடங்குகிற இடத்துப் புஷ்களைச் செம்மண் புழுதி தின்று, நாலாவது மாதமே பின்சக்கரம் வாலாட்ட ஆரம்பித்தது. உருப்படியான ஃபுல் சஸ்பென்ஷன் வண்டிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த விலைக்கு மோட்டார் பைக்கே வாங்கிவிடலாம்.

ஹார்டுடெயிலில் முதுகு வலிக்காதா என்றால், உட்கார்ந்தே ஓட்டினால் வலிக்கும். கல்லு வருகிறபோது பெடலில் எழுந்து நின்று, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, எந்தக் கல்லைச் சுற்றிப் போவது என்று முன்கூட்டியே பார்த்து ஓட்டப் பழக வேண்டும். ஒரு மாதத்தில் வந்துவிடும்.

உண்மையில் என்னைக் கீழே தள்ளியது ஷாக் இல்லை, ஆக்சில். ஓர் ஓடை இறக்கத்தில் பின் ஆக்சில் வளைந்து, சக்கரம் ஃபிரேமில் உரசி நின்றுவிட, நான் மட்டும் பயணத்தைத் தொடர்ந்தேன் :-) முழங்கையில் ஏழு தையல். பிறகு உக்கடம் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் கழற்றிக் காட்டினார். "பாரு தம்பி, இது திருகு ஃப்ரீவீல். பேரிங் உள்ள தள்ளி உக்காந்திருக்கு. வெளிய நீட்டிட்டு இருக்கற ஆக்சிலுக்குத் தாங்கலே கெடையாது. ரோட்டுல ஓட்டுனா ஓடும். ஓடைல குதிச்சா வளையாம என்ன பண்ணும்?" கேசட் மாட்டுகிற ஃப்ரீஹப்பில் பேரிங் ஆக்சில் முனைக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது, அதனால் தாங்குகிறது. 21 கியர் என்று கடையில் சொன்னபோது வாயைப் பிளந்தேனே ஒழிய, பின்னால் இருப்பது ஃப்ரீவீலா கேசட்டா என்று கேட்கத் தெரியவில்லை.

தையல் பிரிக்கிறதுக்குள் கணக்குப்பதிவியல் பாடம் மண்டையில் உறைத்தது. முதலினச் செலவு, வருவாயினச் செலவு. பிளஸ் ஒன்னில் இருந்து உருப்போட்டதுதான். சைக்கிளில் என்னைப் பொறுத்தவரை முதலினச் செலவு ஃபிரேம் ஒன்றுதான். செயின், டயர், பிரேக் பேட், கியர், ஏன் ஃபோர்க்கைக்கூட காசு வரவர மாற்றிக்கொள்ளலாம். ஆகவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது, பின்னால் மாற்றவே முடியாததை.

ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபோர்க் நுழைகிற ஹெட் டியூபைப் பாருங்கள். மேலே குறுகி, அடிப்பக்கம் அகன்றிருக்க வேண்டும். இன்றைக்கு வருகிற நல்ல ஏர் ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றின் தண்டு மேலே 1 1/8 அங்குலம், கீழே 1.5 அங்குலம். ஹெட் டியூப் நெடுக ஒரே ஒல்லிக் குழாயாக இருந்தால் நாளைக்கு அதற்கு ஃபோர்க் தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டியதுதான். அடுத்து, சக்கரம் மாட்டுகிற இடம். குவிக் ரிலீஸைவிட, துளைக்குள் நுழைத்து முடுக்குகிற த்ரூ ஆக்சில் (முன்னால் 15, பின்னால் 12 மி.மீ. தடிமன்) கெட்டியானது. ஹெட் டியூபின் சாய்வு 66, 67 டிகிரி என்றால் இறக்கத்தில் மனசு பதறாது. 71 டிகிரி வண்டி மேட்டில் சமர்த்து, செங்குத்து இறக்கத்தில் ஆளைக் கவிழ்க்கப் பார்க்கும். அப்புறம் அளவு. பெரிய ஃபிரேம் மட்டும்தான் ஸ்டாக்கில் இருக்கிறது என்பதற்காக "வளர்ற பையன்தானே" என்று கட்டி அனுப்புவார்கள். இருபது வயதில் எவன் வளர்கிறான்?

இந்த வரிசை என் கண்டுபிடிப்பும் இல்லை. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் டாமல்பைஸ் மலைப்பக்கம்தான் இந்த விளையாட்டு சூடு பிடித்தது. (உள்ளூரில் சுருக்கமாக 'டாம்' மலை. தமிழ் என்று கேட்கிறதே என்று உறவு கொண்டாட வேண்டாம்.) 1976-ல் அங்கே ரீபேக் என்று ஒரு இறக்கப் பந்தயம் ஆரம்பித்தார்கள். ஓட்டியது முப்பது, நாற்பதுகளில் செய்த பழைய கனத்த சைக்கிள்கள். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரத்து கோஸ்டர் பிரேக்கின் கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும், பந்தயத்தின் பெயரே அதனால் வந்ததுதான். அவர்கள் பிரேக்கை மாற்றினார்கள், கியர் பொருத்தினார்கள். 1977-ல் ஜோ பிரீஸ் இதற்கென்றே ஃபிரேம் கட்டினார். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க் கடைக்கு வரும்போது எண்பதுகளே முடிந்துவிட்டன. பத்து வருடத்துக்கு மேல் ஷாக்கே இல்லாமல் மலை இறங்கியிருக்கிறார்கள். நமக்கு மட்டும் இட்டேரிக்கு ரெண்டு ஷாக்!

பிரேக்கைப் பொறுத்தவரை ஹைட்ராலிக் டிஸ்க் மட்டும்தான். ஷிமானோவின் அடிமட்ட எம்.டி.200 மாடலே போதும், ஒரு விரலில் நிற்கும். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஒன்பதோ பத்தோ இருந்தால் தாராளம்.

ஃபோர்க்கில் ஒரு சங்கதி. காயில் ஸ்பிரிங் ஃபோர்க் சராசரி எடை உள்ள ஆளை மனதில் வைத்துச் செய்வது. நான் 56 கிலோ. என் ஃபோர்க் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை, கல்லில் ஏறினாலும் அசையாது. ஏர் ஃபோர்க்கில் பம்ப் வைத்து நம் எடைக்குத் தகுந்த மாதிரி காற்றடிக்கலாம். ஏறி நின்றால் அதன் மொத்த அசைவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 100 மி.மீ. ஃபோர்க்கில் 20 மி.மீ. அளவுக்கு, அமுங்கினால் சரி. ட்ரெக் மார்லின், ஜயன்ட் டாலன், ஸ்காட் ஆஸ்பெக்ட் என்று எந்த வரிசையை எடுத்தாலும் பெயர் ஒன்று, நம்பர் மாறினால் ஃபோர்க் மாறும். நம்பரைப் பார்த்து வாங்குங்கள். காசு இடிக்கிறதா, ஃபிரேம் சரியாக இருந்தால் இப்போதைக்குக் காயில் ஃபோர்க்கோடு எடுங்கள், பாதகமில்லை.

நம்மூருக்கென்று ஒன்று. இங்கே ஃபோர்க்கைவிடப் பெரிய எதிரி முள். நெருஞ்சியும் சீமைக்கருவேலமும் இல்லாத தடம் ஏது? அமெரிக்காவில் ஆட்டுத்தலை முள் என்று சைக்கிள்காரர்கள் அலறுவதும் நம் நெருஞ்சிதான், அங்கே போய்ப் பரவிய பழைய உலகச் செடி. ஒரே காலையில் மூன்று பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். ரிம் டியூப்லெஸ் ரெடியா என்று கேளுங்கள். டியூபைக் கழற்றிவிட்டு சீலன்ட் ஊற்றினால் முள் ஏறிய ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். ஹெல்மெட்டுக்கும் சீலன்டுக்கும் பட்ஜெட்டில் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள், வண்டி வாங்கின பிறகு பர்ஸில் ஒன்றும் மிஞ்சாது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகிவிட்டது. பில் கேட்டு வாங்கிப் பாருங்கள் (காமர்ஸ் புத்தி!).

இத்தனையும் கேட்டுவிட்டுப் பையன் ஏர் ஃபோர்க் வண்டியின் விலையைத் தேடினான். முகம் விழுந்துவிட்டது. "எங்கப்பாகிட்ட இவ்ளோ கேக்க முடியாதுங்ணா." எனக்கும் அதே கதிதான், டியூஷன் எடுத்த காசை இரண்டு வருடமாகச் சேர்க்கிறேன். பதினாலாயிரம்தான் கையில் என்றால், ஷாக்கே இல்லாத, கேசட் ஹப்பும் தடித்த டயரும் உள்ள பழைய வண்டி எவ்வளவோ மேல். ஞாயிற்றுக்கிழமை சரவணம்பட்டியில் அப்படி ஒன்றைப் பார்க்கப் போகிறோம். வெல்டிங் பக்கம் விரிசல் இருக்கிறதா, சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஹப் ஆடுகிறதா என்று பார்க்க நானும் கூடப் போகிறேன்.

என் டபுள் ஷாக் வண்டியை வாங்க ஆளில்லை. மொட்டை மாடியில் நிற்கிறது, நேற்று அம்மா அதன் மேல் கால்மிதி காயப்போட்டிருந்தார்.