பின்னத்தின் வழியே சதவிகிதம்

தொகுதியைப் பகுதியால் வகுத்தால் தசமம், அதை நூற்றால் பெருக்கினால் சதவிகிதம் என்ற விதியை நம் பள்ளிப் பிள்ளைகள் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள்; ஆயினும் எட்டில் ஒரு பங்கும் பன்னிரண்டரை சதவிகிதமும் ஒரே அளவுதான் என்பது அவர்களில் பலருக்கு மனத்தில் படுவதில்லையென்றால், அதற்குக் காரணம் பிள்ளைகளின் மந்த புத்தியன்று, பின்னத்தோடு பழகவிடாமலே விதியைக் கையில் கொடுத்துவிடுகிற நம்முடைய போதனா முறையே.

பழைய எண்சுவடியில் முந்திரி 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று. இந்தப் பகுதிகள் யாவும் இரண்டையும் ஐந்தையும் மட்டுமே பெருக்கிப் பெறத்தக்கவை. பத்து என்ற எண்ணும் அவ்விரண்டின் பெருக்கமே ஆகையால், மா 0.05 என்றும், மாகாணி 0.0625 என்றும், முந்திரி 0.003125 என்றும் தசமத்தில் மீதமின்றி முடிந்துவிடுகின்றன. மூன்றில் ஒரு பங்கோ 0.333 என்று முடிவின்றி ஓடுகிறது. ஏழில் ஒரு பங்கில் 142857 என்ற ஆறு இலக்கங்கள் ஓயாமல் சுழன்று வருகின்றன. எது முடியும், எது முடியாது என்பதை வகுப்பதற்கு முன்பே பகுதியைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்ற ஆனந்தத்தை ஏன் நம் குழந்தைகளுக்கு மறுக்க வேண்டும்?

1957 ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாயை நூறாகப் பகுத்த நயா பைசா அமலுக்கு வந்தபோது இந்தக் கணிதம் கடைத்தெருவுக்கே வந்தது. நாலணா 25 ஆகவும் எட்டணா 50 ஆகவும் சரியாகப் பொருந்தின; ஆனால் ரூபாயில் மாகாணியான ஓரணாவுக்கு 6.25 என்று வந்ததால், ஓரணாவுக்கு 6, ஈரணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று முழு எண்ணாக்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இது வெறும் பரீட்சை விஷயமுமன்று. நம் ஊர்களில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். வருஷத்துக்கு 24 சதவிகிதம். வங்கி 12 சதவிகிதம் என்று எழுதிவைப்பது வருஷக் கணக்கு. மாதத்துக்கு அது ஒரு வட்டிதான். இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரத் தெரியாத ஏழைக் குடியானவருக்குப் பன்னிரண்டைவிட இரண்டு குறைவாகத் தோன்றி, அந்த மயக்கத்திலேயே அவர் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவாரானால், அந்த நஷ்டத்தில் பள்ளிக்கும் பங்குண்டு. ‘முக்கால் வட்டி வருஷத்துக்கு எத்தனை சதவிகிதம்?’ என்ற கேள்வியைப் பாடப் புத்தகத்தின் முதற்பக்கத்திலும், வகுத்தல் விதியை அதற்குப் பின்னும் வைக்கும்படி பாடநூல் இயற்றுவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.