ஆட்டுக்குட்டியும் ஒரு கைக்குழந்தைதான்



முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். போரில் கணவரை இழந்தவர். வாழ்வாதார உதவியாகக் கிடைத்த ஆடு இரண்டு குட்டி போட்டதாம். ஒன்று மூன்றாம் நாளே செத்துவிட்டது. “மற்றதையாவது காப்பாற்ற வழி சொல்லுங்கோ அக்கா” என்று கேட்டிருந்தார். கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன். அதை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நான் மிருக வைத்தியர் அல்ல. மாளிகாவத்தையில் தொடர்மாடிகளுக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு வளவில் நாலு ஆடு வளர்ப்பவள். என் உம்மா யாழ்ப்பாணம் சோனகதெருவில் ஆடு வளர்த்தவர். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, உம்மா கொட்டிலுக்கு ஓடிப்போய் ஆடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் எங்களோடு வந்தார். கட்டியபடி விட்டால் பட்டினியில் செத்துவிடும் என்று சொன்னார். எனக்கு அப்போது பதினொரு வயது.

மாளிகாவத்தைக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு நான் ஒரு நாட்டு மறியை வாங்கினேன். நாட்டு ஆடு உருவத்தில் சிறியது. ஜமுனாபாரி போல உயரமாக வளராது. ஆனால் சிறிய இடமும் கொஞ்சக் குழையும் அதற்குப் போதும். பங்களாதேஷில் கறுப்பு வங்காள ஆடு என்ற குள்ள இனம் இருக்கிறது. வளர்ந்த மறியே ஏறக்குறைய 20 கிலோதான். இரட்டைக் குட்டி போடுவது அதற்குச் சாதாரணம். அங்கே கிராமத்து ஏழைப் பெண்கள் பலர் வீட்டு முற்றத்திலேயே அதை வளர்க்கிறார்கள். காணியில்லாத பெண்ணுக்குச் சின்ன ஆடு பொருத்தமானது. ஆனால் தாய் சின்னதென்றால் குட்டியும் சின்னது. ஒன்றரைக் கிலோக்கூட வராத குட்டிக்குக் குளிரையும் பசியையும் தாங்கும் சக்தி குறைவு.

என் மறி முதல் குட்டி போட்டபோது பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர், “முதல் பால் கெட்ட பால், கழிச்சல் வரும்” என்றார். நான் கடும்புப் பாலைக் கறந்து மண்ணில் ஊற்றிவிட்டு, பால்மாவைக் கரைத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் இரவு குட்டி என் மடியிலேயே செத்தது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் அப்படிச் செய்தேன்.

ஆட்டுக்குட்டி நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமலே பிறக்கிறது என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அந்தச் சக்தி கடும்புப் பால் வழியாகத்தான் குட்டிக்குப் போகும். பிறந்து ஒரு நாள் கடந்துவிட்டால் குட்டியின் குடல் அதை ஏற்காது. ஆகவே இவற்றை மறக்காதீர்கள்:

குட்டி பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் கடும்புப் பால் குடிக்க வேண்டும். ஒன்றரைக் கிலோக் குட்டிக்கு முதல் நாளில் 150 மில்லிலீற்றராவது தேவை. அதை ஐந்தாறு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். தாய் செத்துவிட்டால், அண்மையில் குட்டி போட்ட வேறு ஆட்டின் கடும்புப் பாலோ, பசுவின் கடும்புப் பாலோ உதவும். அதை அடுப்பில் காய்ச்சாதீர்கள், கட்டியாகிவிடும். போத்தலை வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால் போதும்.

கொடுக்கும் முன் குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் குளிர்ந்திருந்தால் பால் கொடுக்காதீர்கள். ஈரத்தைத் துடைத்து, சாக்கில் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்து, சூடேறிய பிறகு கொடுங்கள்.

சூப்பிப் போத்தலில் கொடுக்கும்போது குட்டி நின்றபடி, தலையைச் சற்று உயர்த்திக் குடிக்கட்டும். பிள்ளையைப் போல மல்லாத்திப் பிடித்தால் பால் சுவாசப்பைக்குள் போய்விடும்.

கொப்பூழில் அன்றே அயடின் மருந்து தொடுங்கள். படுக்கும் இடம் காய்ந்திருக்கட்டும். தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தட்டு நல்லது.

இரண்டாம், மூன்றாம் கிழமையில் குட்டி இலை கொறிக்கத் தொடங்கும். சீமைக்கிளுவை, பலா, முருங்கைக் குழையை உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மிஞ்சிய சோற்றையும் பாணையும் அள்ளிப் போடாதீர்கள். வயிறு புளித்து ஊதிச் சாகும். எங்கள் பகுதியில் தெருவில் திரியும் ஆடுகள் சொப்பிங் பைகளைத் தின்பதை நாள்தோறும் பார்க்கிறேன். ஆகவே என் ஆடுகளை வளவைவிட்டு வெளியே விடுவதில்லை. பால் குடியை மூன்று மாதமளவில் மறக்கச் செய்யலாம். அந்த வயதில் கிடாய்க்குட்டியை மறிகளிடமிருந்து பிரித்துவிடுங்கள். ஒரு வயதுக்கு முன் மறிக்குச் சினைப்பட விடாதீர்கள்.

கண்ணிமையின் உட்புறம் சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் வயிற்றுப் பூச்சி இரத்தத்தைக் குடிக்கிறது என்று சந்தேகிக்கலாம். பூச்சி மருந்தின் அளவு ஆட்டின் எடையைப் பொறுத்தது. கடைக்காரரிடம் கேட்டுக் கொடுக்காமல் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். பால் குடிப்பதானால் காய்ச்சிக் குடியுங்கள். வயிற்றில் பிள்ளையுள்ள பெண்கள் ஆட்டின் பிரசவத்துக்கும் குறைப்பிரசவத்துக்கும் கிட்டப் போகவேண்டாம்.

இன்னொன்று. ஆடு கூட்டத்தில் வாழும் பிராணி. தனியாகக் கட்டினால் கத்திக்கொண்டே இருக்கும். முடிந்தால் இரண்டாக வளருங்கள். விற்கும் நாளில் நீங்களே விலை பேசுங்கள். இரவெல்லாம் எழுந்து பால் கொடுத்தவர் நீங்கள். காசை எண்ணுபவர் வேறொருவராக இருக்கக்கூடாது.

முல்லைத்தீவுச் சகோதரி போன கிழமை தொலைபேசியில் பேசினார். மற்றக் குட்டி பிழைத்துவிட்டது, குழை கொறிக்கிறது என்றார். “ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ அக்கா” என்று கூப்பிட்டார். உம்மாவுக்கு இப்போது கண் தெளிவில்லை. சொன்னவுடன், “என்ன நிறமாம்?” என்று கேட்டார். பள்ளி விடுமுறையில் அவரையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.

சிறிய இடத்தில் கொட்டில் போடுவதுபற்றி அடுத்த மாதம் எழுதுகிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதி அனுப்புங்கள்.