மீன் அமிலம் நமக்கு, மீனுக்கு என்ன?

இயற்கை விவசாயம் செய்கிறவர் விளையில் மீன் அமில வாளி ஒன்று கட்டாயம் இருக்கும். குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ வாங்கின மீன் கழிவு ஒரு பங்கு, வெல்லம் ஒரு பங்கு. மூடி வைத்தால் மூன்று வாரத்தில் தேன் நிறத்தில் சாறு. லிட்டருக்கு பத்து மில்லி கலந்து அடித்தால் பயறும் வாழையும் பச்சைப் பசேல் என்று நிற்கும். இது மீன் நமக்குச் செய்கிற உபகாரம். நாம மீனுக்கு என்ன செய்யுறோம்? கடல் மீனை விடுங்க. நம்ம விளைக்குக் கீழே ஓடுகிற ஓடையில் கிடக்கிற மீனைத்தான் கேட்கிறேன்.

திருவட்டாறு என்ற பேரே ஆறு போட்ட வட்டத்தால் வந்தது என்பார்கள். ஒரு பக்கம் கோதையாறு, ஒரு பக்கம் பறளியாறு. இரண்டும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போகின்றன. பெரிய ஆற்றுத் தண்ணீரைப் பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் அணை கட்டி அளந்து விடுகின்றன. அது அரசாங்கத்தின் கையில். ஆனால் இந்த ஆறுகளுக்கு வந்து விழுகிற சின்னச் சின்ன ஓடைகள் நம்ம விளைகளின் நடுவே ஓடுகின்றன. அதுகளின் கரை நம்ம கையில்.

அந்த ஓடையில் மீன் எதைத் தின்னு வாழுது? "பாசியைத் தின்னும், புழுவைத் தின்னும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம் இது. இரண்டு கரையிலும் மரம் கவிந்த ஓடையில் வெயில் கொஞ்சம்தான் விழும். ஆகவே பாசியும் கொஞ்சம்தான். மிச்சச் சோறு கரையிலிருந்து விழ வேண்டும். உதிர்ந்த இலை தண்ணீரில் ஊறும். பூஞ்சணமும் நுண்ணுயிரும் ஏறி அதை மெதுவாக்கும். பூச்சிகளின் புழுக்கள் அதைக் கடித்துத் தின்னும். அந்தப் புழுவை மீன் தின்னும். இது ஒரு வழி. கிளையிலிருந்து தவறி விழுகிற எறும்பு, வெட்டுக்கிளி, கம்பளிப்புழு, மழை நாளில் கொட்டுகிற ஈசல். இது இன்னொரு வழி. அத்திப்பழமும் நாவல்பழமும் மூன்றாவது வழி.

மீனின் வாயைப் பார்த்தாலே அதன் தீனி தெரிந்துவிடும். மலையாளத்தில் மானத்துக்கண்ணி என்று ஒரு சின்ன மீனைச் சொல்வார்கள், தலையில் வெள்ளிப் பொட்டு வைத்தது. அதன் வாய் மேல் நோக்கி இருக்கும். தண்ணீர்மேல் விழுகிற பூச்சியும் கொசுப்புழுவும் அதற்கு. பாறையோடு ஒட்டிக் கிடக்கிற மீனுக்கு வாய் அடியில். கல்லில் படிந்ததைச் சுரண்டித் தின்னும். கெளுத்தி மீசையால் சேற்றைத் தடவும். அயிரை மணலைச் சலிக்கும். விரால் தவளையையும் சின்ன மீனையும் பிடிக்கும். இலங்கையின் மழைக்காட்டு ஓடைகளை ஆராய்ந்து மொயில், சேனநாயக்க என்ற இருவர் 1984-ல் எழுதியதும் இதைத்தான்: ஒரே ஓடையில் வாழும் மீன்கள் இடத்தையும் இரையையும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டுதான் வாழ்கின்றன. கரையில் ஒரு மரம் போனால் யாரோ ஒருவர் பந்தியில் இலை எடுக்கப்பட்டது என்று அர்த்தம்.

இப்போது நம்ம கரையைப் பாருங்க. நீர்மருதும் புன்னையும் நாவலும் கைதையும் மூங்கிலும் நின்ற இடத்தில் தண்ணீர் ஓரம் வரைக்கும் ரப்பர். ரப்பர் நமக்குச் சோறு போடுகிற மரம். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதன் கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது அமேசான் காட்டு மரம். விக்காம் என்ற வெள்ளைக்காரர் 1876-ல் ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் கன்று போனது, பிறகு நம்ம பக்கமும் தோட்டம் வந்தது. அமேசானில் வெள்ளம் ஏறுகிற மாதங்களில் காடே தண்ணீரில் நிற்கும். அப்போது ரப்பர் இனத்து மரங்களின் காய் வெடித்து விதை தண்ணீரில் சிதறும். தம்பாக்கி என்ற பெரிய மீன் மரத்தடியில் காத்துக் கிடந்து, ஆட்டுக்கல் மாதிரியான பல்லால் அந்த விதையை உடைத்துத் தின்னும். மைக்கேல் கோல்டிங் 1980-ல் மீனும் காடும் பற்றி எழுதிய புத்தகத்தில் இது விரிவாக இருக்கிறது. நம்ம சந்தையில் ரூப்சந்த் என்று விற்கிறார்களே, அது இந்த மீனுக்குச் சொந்தக்காரன்தான்.

ஆக, பிறந்த ஊரில் ரப்பர் மரம் மீனுக்கு அன்னம் போடுகிறது. இங்கே அந்த விதை ஓடையில் விழுந்தாலும் உடைத்துத் தின்ன விரல் நீள மீனுக்குப் பல் இல்லை. இலையும் அப்படித்தான். ரப்பர் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் மொத்தமாக இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். பல மரம் கலந்த கரையோ, மாதாமாதம் ஏதாவது ஒன்றை உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் விருந்தும் பல நாள் பட்டினியும் நமக்கு ஒத்துக்கொள்ளுமா?

இதோடு மூன்று தொல்லை சேருகிறது. ஒன்று, களைக்கொல்லி. கரைப்புல் கருகினால் மண் சரியும். வண்டல் பாறையை மூடும். சுரண்டித் தின்கிற மீனுக்குத் தீனி போகும், மீன் முட்டை மண்ணுக்குள் மூச்சடைத்துச் சாகும். இரண்டு, ரப்பர் ஷீட் அடிக்கிற தண்ணீர். பார்மிக் ஆசிட் கலந்த அந்தக் கழுவுநீர் நேரே ஓடையில் விழுந்தால், அது அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மூன்று, தூர்வாருகிறோம் என்று இயந்திரத்தை இறக்கி இரண்டு கரையையும் வழித்து, பக்கச்சுவர் கட்டுவது. சுவர் வந்தால் வேரும் இல்லை, நிழலும் இல்லை. அது ஓடை இல்லை, சாக்கடை.

மீன் குறைஞ்சுபோச்சு என்றால் உடனே வருகிற பதில், "குஞ்சு வாங்கி விடுவோம்." கட்லாவும் ரோகுவும் குளத்துக்குச் சரி. தீனி இல்லாத ஓடையில் குஞ்சு விடுவது, மட்கு இல்லாத மண்ணில் யூரியா போடுவது மாதிரி. செடிக்குப் போடாதே, மண்ணுக்குப் போடு என்று ஊர் ஊராகச் சொல்கிற இயக்கம் நாம. அதே சட்டம்தான் இங்கேயும்: மீனுக்குப் போடாதே, கரைக்குப் போடு. கரைதான் மீனின் வயல்.

"அப்போ ரப்பரை வெட்டச் சொல்லுதீயளா?" என்று கேட்பவருக்கு ஒரு கணக்கு. உங்கள் விளை ஓடையோரம் 50 மீட்டர் நீளம் என்று வையுங்கள். தண்ணீர் ஓரத்திலிருந்து 3 மீட்டர் விட்டால் 150 சதுர மீட்டர், நாலு சென்டுகூட வராது. ஹெக்டேருக்கு 450 மரம் என்றால், அந்த இடத்தில் நிற்பது ஏழு ரப்பர். அதையும் இப்போதே வெட்ட வேண்டாம். மறுநடவு வரும்போது அந்த ஏழு குழியை மட்டும் ரப்பருக்குத் தோண்டாமல் விட்டால் போதும்.

"புதர் வந்தால் பாம்பு வரும், பன்றி வரும்" என்பதும் நியாயமான பயம்தான். பன்றித் தொல்லை உள்ள இடத்தில் புதர் வேண்டாம்; மரம் மட்டும் போதும். நீர்மருது, புன்னை, நாவல், அத்தி, புங்கம். அடிப்புல்லைக் கையால் அறுத்துக்கொள்ளலாம், மருந்து மட்டும் அடிக்காதீர்கள். ஷீட் கழுவுகிற தண்ணீருக்கு ஓடையிலிருந்து தள்ளி ஒரு குழி எடுங்கள். கிராமசபையில் எழுந்து, தூர்வாருகிறபோது ஒரு வருஷம் ஒரு கரையை மட்டும் தொடு, நிற்கிற மரத்தை விட்டுவிடு என்று தீர்மானம் கேளுங்கள். ஓடைப் புறம்போக்கு எது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். பாதி கரை அங்கேதான் தொலைந்திருக்கும்.

நஞ்சில்லா உணவு என்று நாம சொல்வது நம்ம தட்டோடு நின்றுவிடக் கூடாது. விளையில் ரசாயனம் இல்லை, ஆனால் கீழே ஓடை பட்டினி என்றால் அந்த விவசாயம் வேலி வரைக்கும்தான் இயற்கை. இடவப்பாதி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் நாவல் கன்று நாலும் நீர்மருது நாலும் தயார் பண்ணி வையுங்க.