ஆங்கிலம் பழகுவோம்: 'சொல்லிக் கொடுப்பேன்' என்றால் 'வில்' ஆகுமா?



சென்ற இதழில் இறந்த காலத்தோடு மல்லுக்கட்டினோம். இம்முறை எதிர்காலம். இதில் என்ன இருக்கிறது, வினைக்கு முன்னால் 'வில்' என்ற ஒரு சொல்லைப் போட்டால் வேலை முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் என் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். அது போதாது என்பதை ஒரு தாயார் என் வீட்டு வாசலுக்கு வந்து உணர்த்தினார்.

அவர் பால்மரம் வெட்டுபவர். மகள் எஸ்.பி.எம். முடித்துவிட்டு, பட்டணத்தில் ஒரு பாலர் பள்ளியில் துணை ஆசிரியை வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். நேர்முகத்துக்கும் அழைத்தார்கள். ஆனால், வேலை கிடைக்கவில்லை. "வாத்தியாரய்யா, நல்லாத்தான் எழுதியிருக்கேன்னு இவ சொல்றா. என்னா கோளாறுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கடிதத்தின் நகலை நீட்டினார்.

கடிதத்தில் எழுத்துப் பிழை இல்லை. நடுவில் ஒரு வரி: 'ஐ வில் டீச் ஸ்மால் சில்ட்ரன் எவ்ரி ஈவ்னிங்.' அந்தப் பெண் இரண்டு ஆண்டுகளாக லயத்து வீட்டு வாசலில் பாய் விரித்து, சின்னப் பிள்ளைகளுக்கு மாலைதோறும் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறாள். அதைத்தான் எழுதியிருந்தாள். நேர்முகத்தில் இருந்தவர், "வென் வில் யூ ஸ்டார்ட்?" என்று கேட்டிருக்கிறார். எப்போது தொடங்கப் போகிறாய் என்று அர்த்தம். இவள், "எவ்ரி டே, சார்" என்றிருக்கிறாள். வேலை அதனால்தான் போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், இரண்டு ஆண்டு உழைப்பு அந்தக் காகிதத்தில் இன்னும் ஆரம்பிக்காத ஒன்றாகத் தெரிந்தது நிச்சயம். அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

கோளாறு எங்கே என்று பாருங்கள். தமிழில் "நாளைக்குச் சொல்லிக் கொடுப்பேன்" என்கிறோம். "தினமும் சாயங்காலம் சொல்லிக் கொடுப்பேன்" என்றும் சொல்கிறோம். முன்னது இனிமேல் நடக்கப் போவது. பின்னது வழக்கமாக நடந்து வருவது. தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைமுற்று போதும். "அப்பா அஞ்சரை மணிக்கே பெரட்டுக்குப் போயிடுவாரு" என்றால் நமக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஆங்கிலத்தில் வழக்கமாக நடப்பதை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும்: 'ஐ டீச் எவ்ரி ஈவ்னிங்.' அப்பாவைச் சொன்னால் 'ஹீ கோஸ்'. ஆங்கிலேயரும் சில வேளைகளில் பழக்கத்துக்கு 'வில்' போடுவதுண்டு. அதன் நெளிவு சுளிவு நமக்கு இப்போது வேண்டாம். விண்ணப்பக் கடிதத்தில் அந்த விளையாட்டே கூடாது.

இதைச் சோதிக்க நம் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மலாய் நன்றாக வரும். அந்த வாக்கியத்தை மலாயில் மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். நாளைக்குப் போவேன் என்பதற்கு 'சாயா அக்கான் பெர்கி' என்று 'அக்கான்' போடலாம். தினமும் சொல்லிக் கொடுப்பேன் என்பதற்கு 'அக்கான்' போட மாட்டீர்கள். மலாயில் 'அக்கான்' ஒட்டாத இடத்தில் ஆங்கிலத்தில் 'வில்' போட்டிருந்தால், ஒருமுறை நின்று யோசியுங்கள்.

இன்னோர் இடத்திலும் இந்தச் சோதனை உதவும். 'வென் மை மதர் வில் கம்' என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். அது தவறு. 'வென் மை மதர் கம்ஸ், ஐ வில் டெல் ஹர்' என்பதே சரி. அம்மா வருவது இனிமேல்தான் என்றாலும், 'வென்', 'இஃப்' இவற்றுக்குப் பின்னால் நிகழ்காலம்தான். 'வில்' அடுத்த பாதியில் வரும். தமிழில் மட்டும் என்ன, "அம்மா வந்ததும் சொல்வேன்" என்கிறோம். வராத அம்மாவுக்கு 'வந்ததும்' என்று சொல்ல நமக்குக் கூச்சமில்லையே!

இனி 'கோயிங் டு'. இதற்குப் பிள்ளைகள் ஏன் பயப்படுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிடச் சுலபமானது இல்லை. விடியற்காலையில் வாளியும் உளியுமாகக் கிளம்பும்போது வானத்தைப் பார்க்கிறீர்கள். கறுத்துக் கிடக்கிறது. மரம் நனைந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் பட்டை மேல் பரவி வீணாகும் என்ற கவலையோடு என்ன சொல்கிறீர்கள்? "மழை வரப் போகுது!" அதேதான் 'இட் இஸ் கோயிங் டு ரெயின்'. 'போகிறது' என்ற சொல்கூட அப்படியே இருக்கிறது. கண்ணுக்கு அடையாளம் தெரிந்தாலும், முன்பே முடிவு செய்த காரியமாக இருந்தாலும் 'கோயிங் டு'. பக்கத்து வீட்டுப் பாட்டி தண்ணீர்க் குடத்தோடு தடுமாறுகிறார். "இருங்க பாட்டி, நான் தூக்குறேன்" என்று அந்த நிமிடமே முடிவு செய்கிறீர்கள். அங்கே 'ஐ வில் கேரி இட்.'

'நாளைக்கு ஈப்போ போறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்வது ஆங்கிலத்திலும் செல்லும்: 'ஐ ஆம் கோயிங் டு ஈப்போ டுமாரோ.' இங்கே 'டு' ஊரைக் காட்டுகிறது, அவ்வளவுதான். பஸ், ரயில் நேரமாக இருந்தால் 'தி பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ'.

'நான்', 'நாம்' வந்தால் 'ஷல்' போட வேண்டும் என்று பழைய இலக்கணப் புத்தகங்களில் இருக்கும். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. 'ஷல் ஐ ஓப்பன் தி டோர்?' என்று கேட்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேடிக்கை. 'வில்' என்ற சொல்லுக்கு ஆதியில் 'விரும்பு' என்றுதான் பொருள். ஒருவர் தம் விருப்பத்தை எழுதி வைக்கும் பத்திரத்துக்கும் அதே பெயர். நாம் அதை 'உயில்' என்று தமிழாக்கி வெகுகாலமாகிறது. ஆக, இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல.

அந்தப் பெண் வேறோர் இடத்துக்கு மறுபடியும் விண்ணப்பம் எழுதினாள். 'ஐ டீச்' என்று மாற்றி, எத்தனை பிள்ளைகள், என்ன பாடம் என்பதையும் சேர்த்தோம். கடிதம் தபாலில் போயிருக்கிறது. இரண்டு ஆண்டுகளாகச் செய்து வருவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான 'ஹேவ் பீன்' என்றொரு வகை உண்டு. அடுத்த இதழில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

அதற்குள் இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். பெற்றோர் வாசித்துக் காட்ட, பிள்ளைகள் எழுதட்டும்.

தாத்தா தினமும் காலையில் கோயிலுக்குப் போவார்.

அக்கா அடுத்த மாதம் தையல் படிக்கப் போகிறாள்.

அப்பா சம்பளம் வாங்கியதும் எனக்குச் சப்பாத்து வாங்கித் தருவார்.