ஷாம்புவில் கடற்பாசி: பலன் கூந்தலுக்கா, பாட்டிலுக்கா?

‘கடற்பாசிச் சத்து நிறைந்தது’ என்று லேபிளில் பார்த்ததும் நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தோன்றுகிறதா? ஒரு நிமிஷம். பாட்டிலைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தையும் படித்துவிடுங்கள். அங்கே கராஜீனன், சோடியம் அல்ஜினேட், அகர் ஆகிய பெயர்கள் மட்டும் இருந்தால், அவை பெரும்பாலும் சத்துக்காகச் சேர்த்தவை அல்ல, கெட்டிப்படுத்தச் சேர்த்தவை.

அப்படின்னா என்ன?

க்ரீம், லோஷனில் அதிகம் இருப்பது தண்ணீரும் எண்ணெயும்தான். சும்மா விட்டால் இரண்டும் பிரிந்துவிடும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் இந்தப் பொருள்கள், சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீளமான சங்கிலிகள். அவை தண்ணீரைப் பிடித்து வைத்துக் கலவையைக் கெட்டியாக்கும். வீட்டில் கடல்பாசி காய்ச்சி ஆறவைத்தால் கட்டியாகிறதே, அது அகர் செய்யும் வேலை. அல்ஜினேட் கால்சியத்தோடு சேர்ந்தால் ரப்பர் மாதிரி இறுகும். பார்லரில் உரித்தெடுக்கும் ரப்பர் மாஸ்க் அப்படித்தான் உருவாகிறது. டூத்பேஸ்ட் நீர்த்துப் போகாமல் இருக்க கராஜீனன் உதவுகிறது.

இதில் கெடுதல் இருக்கா?

சருமத்தில் பூசுவதால் பயப்பட ஒன்றுமில்லை. மேலே மெல்லிய படலமாக நின்று ஈரத்தைக் கொஞ்ச நேரம் காக்கும். ஆனால் மூலக்கூறு பெரிது, தோலுக்குள் இறங்காது. கழுவினால் போய்விடும். ‘முடி வளரும், சுருக்கம் மறையும்’ என்ற பெருமையை இதன் கணக்கில் எழுத முடியாது. 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. பட்டியலின் வாலில் கடற்பாசி இருந்தால், அளவும் சொற்பம் என்று புரிந்துகொள்ளலாம்.

யார் எடுக்கிறார்கள்?

ராமநாதபுரம் கடலோரத்தில், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கும் பெண்கள், அல்ஜினேட்டுக்குக் கட்டக்கோரையும் அகருக்கு மரிக்கொழுந்துப் பாசியும் சேகரிக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா என்பதால், அங்கே பாசி எடுக்கும் உரிமைக்கும் சிக்கல். பாசி அழியாமலிருக்க மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது எனக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்களும் இவர்களே. இவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி, 2015-ல் சர்வதேச சீகாலஜி விருது பெற்றார். கராஜீனனுக்காக மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் வெளிநாட்டுப் பாசி. அது குருசடைத் தீவருகே பவளப்பாறைகளில் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

லேபிளில் கடலைக் காட்டி விற்கும் நிறுவனங்கள், அந்தப் பாசி எந்தக் கரையில், எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் அச்சிட வேண்டும். கூடுதல் விலை கொடுப்பவர்கள் அதைக் கேட்பதில் தவறே இல்லை.